மண்ணுக்குள் கிடைத்த இரும்புத் துண்டு என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி?

சென்ற கோடையில் ஊரில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்று பட்டது. எடுத்துப் பார்த்தால், மண்ணும் துருவும் அப்பிய தட்டையான இரும்புத் துண்டு. விரல் நீளம்தான். ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் நேர், பாதி மாங்கொட்டை மாதிரி. அது என்னவென்று தெரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களுக்கும் இப்படி ஏதாவது கிடைத்தால், நான் போன வழியிலேயே போகலாம்.

1. முதலில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கழுவ ஓட வேண்டாம். குழியோடு சேர்த்துப் போனில் ஒரு படம் எடுங்கள். எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள். என் குழி பழைய வண்டிப்பாதையின் ஓரத்தில் இருந்தது. கடைசியில் பாதி விடையைச் சொன்னது அந்த இடம்தான்.

இறந்தவர்களைப் புதைத்த தாழியோ, எலும்போ, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடோ தெரிந்தால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆதிச்சநல்லூரில் இரும்பு வாளும் ஈட்டியும் தாழிகளோடுதான் கிடைத்தன. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் உருவி எடுத்தால் அதன் கதையே அறுந்துபோகும். வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உருண்டையாகவோ குழாய் போலவோ, மூடிய கனமான இரும்பாக இருந்தால் தொடவே வேண்டாம். வெடிகுண்டாக இருக்கலாம். 100-க்கு போன் செய்யுங்கள்.

2. புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பித்தளைப் பாத்திரத்துக்குப் பழகிய கை உடனே புளியைத் தேடும். புளியின் அமிலம் துருவோடு இரும்பையும் தின்றுவிடும். நமக்கு வேண்டிய தடயங்களும் அதோடு போய்விடும். நிழலில் காயவைத்து, பழைய டூத்பிரஷ்ஷாலும் மூங்கில் குச்சியாலும் மண்ணை மட்டும் தட்டி எடுங்கள்.

3. வார்த்ததா, அடித்ததா?

நுரைத்த கல் மாதிரி உடம்பெல்லாம் பொத்தலாக இருந்தால் அது பொருளே அல்ல, இரும்பு உருக்கிய கசடாக இருக்கலாம். வார்ப்பிரும்பில் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு பெரும்பாலும் தெரியும். கொல்லர் அடித்த இரும்பில் கனம் சீராக இருக்காது. கொல்லர்கள் அடித்துப் பயன்படுத்திய பழைய வகை இரும்பான தேனிரும்பு துருப்பிடித்தால் விறகு நார் மாதிரி வரிவரியாகப் பிரியும். என்னுடையது அடித்ததுதான்.

4. ஓட்டையையும் தேய்மானத்தையும் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். என் துண்டில் நான்கு ஓட்டைகள், நான்கும் வளைந்த ஓரத்தை ஒட்டியே இருந்தன. நேர் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு ஓட்டையில் ஒடிந்த ஆணி வெளிப்பக்கம் சாய்ந்தபடி அப்படியே நின்றது. துண்டின் ஒரு முனை நான்கு மில்லிமீட்டர் கனம், மறுமுனை கத்தி மாதிரி தேய்ந்திருந்தது. அப்படியானால் இது எதன் அடியிலோ கிடந்து தரையில் உரசியிருக்கிறது. உடைந்த குதிரை லாடமோ என்று பார்த்தேன். ஆனால் உடைந்த விளிம்பு எங்கேயும் இல்லை.

5. அப்புறம், கேளுங்கள்

கொல்லுப்பட்டறை இருந்தால் அங்கே போங்கள், இல்லையென்றால் வண்டி ஓட்டிய பெரியவர்களிடம் காட்டுங்கள். பெரியப்பா அதைக் கையில் வாங்கித் தேய்ந்த முனையை ஒருமுறை தடவினார். "மாட்டு லாடம்ப்பா இது" என்றார்.

எல்லாம் பொருந்திவிட்டது. மாட்டுக் குளம்பு பிளவுபட்டது, அதனால் ஒரு காலுக்கு இரண்டு லாடம், ஒரு மாட்டுக்கு எட்டு. குளம்பின் வெளிச்சுவரில் மட்டும்தான் ஆணி இறங்கலாம், உள்ளே போனால் சதையில் குத்தும். ஓட்டைகள் ஒரே ஓரத்தில் இருந்தது அதனால்தான். உழவு மாட்டுக்கு மண் மெத்தென்று இருக்கும், ரோட்டில் நடக்கும் வண்டி மாட்டுக்குத்தான் லாடம் கட்டாயம் தேவை. வண்டிப்பாதை ஓரத்தில் அது கழன்று விழுந்து கிடந்ததும் அதனால்தான்.

உங்களுக்குக் கிடைத்தது கொண்டை வைத்த குட்டைக் கம்பியாக இருந்தால் வண்டியின் கடையாணியா என்று பாருங்கள். கூர்மையாக நீண்டு நுனி தேய்ந்திருந்தால் கலப்பைக் கொழுவாக இருக்கலாம். ஒரு வளையத்தில் கொக்கிகள் கொத்தாகத் தொங்கினால், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டி.

6. பத்திரப்படுத்துங்கள்

மூடிய டப்பாவில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்றோடு வையுங்கள். இடமும் தேதியும் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மேலே ஆரஞ்சு நிறத்தில் வியர்வை போலத் துளிகள் தெரிந்தால் உள்ளே உப்பு இருக்கிறது, துரு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே பொட்டலங்களை மாற்றுங்கள்.