டிபார்ட்மெண்ட் ஸ்டாஃப் சாதனைப் பட்டியல் போடுற வேலை உங்க தலையில விழுந்துடுச்சா?

காலேஜ்ல இந்த வேலை எப்பவும் ஜூனியர் தலையில தான் வந்து விழும், எனக்கு இது மூணாவது வருஷம். "இந்த வருஷம் பண்ணதெல்லாம் அனுப்புங்க சார், மேடம்"னு வாட்சப் குரூப்ல போட்டா கட்டைவிரல் மட்டும் தான் வரும், அதனால கூகுள் ஃபார்ம் போடுங்க, டிஓஐ (ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் ஆன்லைன்ல குடுக்குற தனி அடையாள எண்) இல்லன்னா ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான எண்), வெளிவந்த தேதி, முதல் பக்கம் இது மூணும் இல்லாம சப்மிட் ஆகக்கூடாதுன்னு வச்சிடுங்க. வந்த டிஓஐயை ஒவ்வொண்ணா திறந்து பாருங்க, அக்செப்ட் ஆனதையே பப்ளிஷ் ஆயிடுச்சுன்னு எழுதுறவங்க நிறைய.

அடுத்த தலைவலி நம்ம இனிஷியல். எஸ்.குமார், குமார் எஸ், வெறும் குமார்னு ஒரே ஆள் மூணு பேரா இருப்பார், ஆய்வுக் கட்டுரை தேடுற கூகுள் ஸ்காலரோ ஊர்ல உள்ள எஸ்.குமார் பேப்பரையெல்லாம் ஒரே ப்ரொஃபைல்ல கொட்டி வச்சிருக்கும், எங்க கெமிஸ்ட்ரி சார் பேர்ல கறவை மாட்டுத் தீவனம் பத்தி ஒரு பேப்பர் ரொம்ப நாளா கிடந்துச்சு, அவருக்கே தெரியாது. எல்லாரையும் ஆர்கிட் ஐடி எடுக்க வைங்க, ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்கும் தனியா குடுக்குற அடையாள எண் அது, 16 இலக்கம், காசு கிடையாது.

பேட்டண்ட்ல தான் மானம் போகும். நாங்க ஒரு தடவை "காப்புரிமை பெற்ற"னு ஃப்ளெக்ஸே அடிச்சு கேட்ல கட்டிட்டோம், அப்புறம் பாத்தா அது வெறும் பப்ளிஷ்ட், அதாவது விண்ணப்பம் வெளியானது மட்டும் தான். நம்ம நாட்டுல விண்ணப்பிச்சு 18 மாசம் ஆனா அது பேட்டண்ட் ஜர்னல்ல தானா வந்துடும், ஃபார்ம் 9 குடுத்து ஃபீஸ் கட்டினா இன்னும் சீக்கிரமாவே வரும், அதுவரைக்கும் யாரும் அதைப் பரிசோதிச்சே இருக்க மாட்டாங்க. கிராண்ட் சர்டிஃபிகேட்டும் பேட்டண்ட் நம்பரும் கண்ணால பாக்காம "பெற்ற"ங்கிற வார்த்தையைத் தொடாதீங்க.

யுஜிசி கேர் லிஸ்ட்ல (யுஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல் பட்டியல்) இருக்கான்னு பாத்துட்டுப் போன காலமும் முடிஞ்சுது, 2025 பிப்ரவரியில அதை நிறுத்திட்டாங்க, எந்த ஜர்னல் உருப்படினு இனி காலேஜ் தான் முடிவு பண்ணணும்.

தமிழ்த்துறையை விட்டுடாதீங்க ப்ளீஸ். கவிதைத் தொகுப்பு, மொழிபெயர்ப்பு, நாடகம் எல்லாத்தையும் "இதர"னு கடைசி வரியில தள்ளுறது அநியாயம், தனித் தலைப்பு குடுங்க. விருதுன்னா எந்தப் படின்னு சரியா எழுதுங்க: அரசுக் கல்லூரியில தமிழ்ப் பேராசிரியரா இருந்த பெருமாள்முருகனோட 'பூக்குழி' ஆங்கிலத்துல போய் 2023 சர்வதேச புக்கர் நெடும்பட்டியல்ல (முதல் கட்டத் தேர்வு) வந்துச்சு, அதுவே பெரிய விஷயம், அதை "புக்கர் வென்ற"னு யாராவது எழுதினா அவருக்கே சங்கடம். மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதிக்கு வ.உ.சி. பத்தின ஆய்வு நூலுக்காக கிடைச்சது 2024 சாகித்ய அகாடமி விருது, ஆனா புத்தகம் வந்தது 2022ல, இந்த மாதிரி கேஸ்ல ரெண்டு வருஷத்தையும் போடணும்.

பிரிண்டுக்கு முன்னாடி அவங்கவங்க வரியை அவங்களுக்கே அனுப்பி ஓகே வாங்கிடுங்க. பேரை அகர வரிசையில போடுங்க, சீனியாரிட்டில போட்டு போன வருஷம் ரெண்டு மேடம் என்கூட பொங்கல் வரைக்கும் பேசல.