கரீபியன் கப்பல் பயணம்: ஒரு மணி நேர முரண் தீர்ந்த விதம்

ஜூலையில் மயாமியிலிருந்து புறப்படும் கப்பலுக்குக் கரைச் சுற்றுலாக்களைத் தேர்ந்தெடுக்க முயன்றபோது, மெக்சிகோவின் கோசுமெல் தீவில் குறிப்பிட்ட ஒரு பவளப்பாறை நீச்சல் பயணத்திற்குக் கப்பல் நிறுவனத்தின் பட்டியல் காலை 10 மணி என்றும், அதை நடத்தும் உள்ளூர் சுற்றுலா நடத்துநர் 9 மணி என்றும் காட்டினர். இரு தரப்புக்கும் எழுதிக் கேட்டும் இருவரும் தத்தம் நேரமே சரி என்றனர். விமர்சனங்களைப் படித்ததும் பயனளிக்கவில்லை.

இரண்டுமே சரிதான். கோசுமெல் அமைந்துள்ள கின்டனா ரூ மாநிலம் 2015 முதல் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை; மயாமியோ ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது. ஆகவே கோடையில் மயாமி ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. எங்கள் கப்பலோ மயாமி நேரத்தையே கடைப்பிடித்தது (எல்லாக் கப்பல்களும் அப்படியல்ல; கேட்டறிய வேண்டும்). எல்லா நேரங்களையும் கப்பல் நேரத்திற்கு மாற்றி எழுதியதும் சிக்கல் அவிழ்ந்தது, பெரும் நிம்மதி.

படகிலேயே நாற்பத்தைந்து நிமிடம் கடந்து, பிறகு பேருந்திலும் செல்ல வேண்டிய, எதிர்க்கரையிலுள்ள துலும் என்ற பழைய மாயன் நகர இடிபாடுகளைக் கைவிட்டேன். கிராண்ட் கேமன் தீவில் பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவதால், திருக்கை மீன்களைக் காணும் பயணத்தைக் கப்பல் வழியாகவே பதிவு செய்தேன். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். கப்பல் நேராகத் துறையணையும் கோசுமெலுக்கு உள்ளூர் நடத்துநரே போதும்.

கைப்பேசி கரையில் தானாக உள்ளூர் நேரத்திற்கு மாறிவிடும் என்பதால், அந்த வசதியை அணைத்துவிட்டேன்.