சிறு விமானமும் தளர்ந்த தோள்களும்

கணினி முன் அமர்ந்தே இறுகிப்போன கழுத்துவலியும், அலுவல் கவலையை ஓயாமல் அசைபோடும் பழக்கமும் எனக்குக் குறைந்தது, சிறு விமானம் ஓட்டப் பழகிய பிறகுதான். மேலேறும்போது, பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்களின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும் என்பதால், வலக்கால் மிதியை அளவாக அழுத்தியபடியே வேகமானியையும் தொடுவானத்தையும் மாறி மாறிக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்நேரத்தில் வேறு எந்தக் கவலைக்கும் மனத்தில் இடமிருப்பதில்லை. கைப்பிடியை இறுகப் பற்றினால் விமானத்தின் சிறு அசைவுகளைக் கை உணராது என்று சொன்ன பயிற்றுநர், டிரிம் சக்கரத்தைத் திருப்பிக் கையின் சுமையைக் குறைத்துவிட்டு, இரண்டு விரல்களால் மட்டும் பிடிக்கப் பழக்கினார். தோள்கள் தாமாகவே தளர்ந்தன. வியர்வை சிந்தும் உடற்பயிற்சி இதுவன்று. அதற்கு நடைப்பயிற்சியே மேல். ஆயினும், களைப்போடு பறக்கக் கூடாது என்ற கட்டாயத்தால் நேரத்தோடு உறங்கத் தொடங்கியதும், மருத்துவத் தகுதிச் சோதனைக்காக இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்வதும் எனக்குக் கிடைத்த உபரி இலாபங்கள்.