மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு இணையதளத்தைச் சோதிப்பது எப்படி?

பார்வையற்றவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் எல்லோரும் ஒரு இணையதளத்தைப் பயன்படுத்த முடியுமா என்று சோதிக்க, கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. முழுத் தளத்தையும் பார்க்கவும் வேண்டாம். மக்கள் அங்கே செய்ய வருகிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: மின்கட்டணம் கட்டுவது, பஸ் டிக்கெட் எடுப்பது, இப்படி.

முதல் வேலை, மவுஸைத் தள்ளி வையுங்கள். டேப் விசையை அழுத்தி, ஒவ்வொரு இணைப்பாக, பட்டனாக, கட்டமாக முன்னே போங்கள். ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் பின்னே வரலாம். இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று திரையில் தெரிகிறதா? பெரும்பாலும் தேதி தேர்வு செய்யும் காலண்டரில்தான் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே போய்விடலாம், வெளியே வர வழியிருக்காது.

அடுத்தது திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கியது, பிறகு பார்வையற்ற இன்னொரு நண்பரும் சேர்ந்துகொண்டார். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது. திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். இந்தப் படிக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், நிஜமான குறைகள் இங்கேதான் தெரியும். பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் “பெயர்” என்று சொல்கிறதா, வெறுமனே “எடிட்” என்கிறதா? “பட்டன், பட்டன்” என்று மட்டும் கேட்டால், எதை அழுத்தினால் பணம் போகும் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்த் தளங்களில் இன்னொன்றையும் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், கண்ணுக்கு “அம்மா” என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறி தருகிற யூனிகோடுக்கு மாற்றாமல் இது தீராது.

அப்புறம் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்கள், எதுவும் வெட்டுப்படக் கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். வேவ் என்ற இலவசக் கருவி இதைக் கணக்கிட்டுத் தரும். படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டிருந்தாலும் சொல்லிவிடும். ஆனால் அந்த விளக்கம் “படம் 1” என்று இருந்தால் அதற்குக் குறையாகத் தெரியாது. அதை நீங்கள்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

குறைகளை எழுதும்போது எந்தப் பக்கம், எதை அழுத்தினீர்கள், காதில் என்ன விழுந்தது என்று மூன்றையும் எழுதுங்கள்.

கடைசியாக, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்துகிற ஒருவரை, அவர் நேரத்துக்குரிய பணத்தைக் கொடுத்து, அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து “அங்கே இல்லை, கீழே” என்று வழி சொல்லிவிடாதீர்கள். அவர் தேடித் திணறுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.