திருகோணமலையில இருந்து நீதிபதி ஆகிறதெண்டா

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்த கையோட மருமகள் கேட்டாள், மாமா ஜட்ஜ் ஆக எந்தக் கோர்ஸ் செய்யணும் எண்டு. அப்பிடி ஒரு கோர்ஸே இல்ல பிள்ள, முதல்ல சட்டத்தரணி ஆகு எண்டன். அவளுக்குச் சொன்னதத்தான் இங்க எழுதுறன்.

கம்பஸ் கிடைச்சா கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிடைக்காட்டி திறந்த பல்கலைக்கழகம், இல்லாட்டி என்ட்ரன்ஸ் எழுதி நேரா கொழும்பு புதுக்கடையில இருக்கிற சட்டக் கல்லூரி. எதால போனாலும் கல்லூரிச் சோதினை பாஸ் பண்ணி, ஒரு சீனியருக்குக் கீழ பழகி, உயர் நீதிமன்றத்தில சத்தியப்பிரமாணம் எடுத்தாத்தான் கறுப்புக் கோட்டு. இந்திய நியூஸ் பார்த்துக் குழம்பாதீங்கோ, அங்க உயர் நீதிமன்றம் எண்டா ஹைகோர்ட், எங்களுக்கு அதுதான் சுப்ரீம் கோர்ட், எங்கட ஹைகோர்ட்டுக்குப் பேர் மேல் நீதிமன்றம்.

பிறகு ரெண்டு பாதை இருக்கு. கொஞ்சக் காலம் கோர்ட்ல நிண்டு பழகிட்டு, நீதிச்சேவை ஆணைக்குழு கெசட் போடேக்க போட்டிப் பரீட்சை எழுதி நீதவானா (மஜிஸ்ட்ரேட்) போறது ஒண்டு. பிறகு வட மாகாண முதலமைச்சரா இருந்த விக்னேஸ்வரன் ஐயா 1979ல நீதவானாத் தொடங்கி 2001ல உயர் நீதிமன்றம் போனவர், 2004ல 65 வயசில ஓய்வு, அந்தக் கோர்ட்டுக்கு அதுதான் எல்லை. அமெரிக்க ஃபெடரல் ஜட்ஜ் மாதிரி உயிரோட இருக்கிற வரைக்கும் கதிரையில இருக்க ஏலாது. மற்றது சட்டமா அதிபர் (அட்டர்னி ஜெனரல்) திணைக்களத்தில அரச சட்டவாதியாச் சேர்றது. ஸ்ரீபவன் சேர் அங்க இருந்துதான் 2002ல மேன்முறையீட்டு நீதிமன்றம், 2008ல உயர் நீதிமன்றம், 2015ல பிரதம நீதியரசர் எண்டு வந்தவர்.

ஆனா சோதினைக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கோ, உங்களுக்கு லீவா இருக்கிற, கோர்ட் நடக்கிற ஒரு நாள்ல எங்கட நீதவான் கோர்ட்ல பின் வாங்கில போய் இருங்கோ, போனை ஓஃப் பண்ணிட்டு. பேர் கூப்பிடுவாங்க, ஒராள் கூண்டில ஏறுவார், பொலிஸ் பி அறிக்கையை (வழக்கைப் பற்றி நீதவானுக்குக் குடுக்கிற அறிக்கை) குடுக்கும், பிணையா விளக்கமறியலா எண்டு ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிடும், பிறகு அடுத்த தவணைக்குத் திகதி. அந்த ரெண்டு நிமிசத்தில நீதவான் எதை வாசிக்கிறார், ஆரைப் பார்க்கிறார் எண்டு கவனிங்கோ.

பாஷையிலதான் எங்கட பிள்ளைகள் தடக்குப்படுறது. இங்க வழக்கு தமிழில நடக்கும் சரி, ஆனா சிங்கள ஊருக்கு மாற்றம் வந்தா என்ன செய்வீங்க, மேல போகப் போக எல்லாம் இங்கிலீஷ். அதால ஏஎல் முடிஞ்ச கையோட சிங்களத்தைத் தொடங்குங்கோ.

புதுக்கடைக்குப் போறதெண்டா இரவு ரயில் சுகம், விடிய கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினா கிட்டத்தான். சர்டிபிகேட் போட்டோகொப்பி ரெண்டு செட் கொண்டு போங்கோ, நான் ஒருக்கா ஒண்டோட போய் ஒரு கந்தோரில மத்தியானம் வரை காஞ்சனான்.