மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்றார்கள்

வேளச்சேரியில் ஒரு பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். பிளஸ் டூ மாணவர்களின் தேர்வு பயம் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு, மூன்று நாளில் வெளியிடுவதாகவும் ஒன்பதாயிரம் ரூபாய் அனுப்பும்படியும் ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பணம் அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது: மூன்று நாளில் யார் படித்து மதிப்பிடுவார்கள்? எங்கள் தெருத் தையல்காரரே ஒரு சட்டைக்கு ஒரு வாரம் கேட்கிறார்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, அந்த இதழின் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை (ஒவ்வோர் இதழுக்கும் உள்ள தனி அடையாள எண்) டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் தேடினேன். யாவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழ்களின் பட்டியல் அது. 2003-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. எண் அங்கே இல்லை. பெயரை வைத்துத் தேடியிருந்தால் ஏமாந்திருப்பேன். ஒரே ஒரு சொல் மாறிய வேறொரு நல்ல இதழ் பட்டியலில் இருந்தது.

எழுதுபவரிடம் கட்டணம் வாங்காத இதழ்களை மட்டும் அதே தளத்தில் பிரித்துப் பார்க்கலாம். அப்படி ஒன்றுக்கு அனுப்பினேன். ஏழு மாதமானது. இரண்டாம் மதிப்பீட்டாளர் என் அட்டவணைகளைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அவர் சொன்னது சரிதான்.

இடைப்பட்ட காலத்தில் கட்டுரை தூங்கவில்லை. முன்பதிப்பை, அதாவது மதிப்பீடு முடியுமுன்பே பொதுவில் ஏற்றும் பிரதியை, அந்த இதழ் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, உளவியலுக்கென்றே 2016-இல் தொடங்கிய சைஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக ஏற்றினேன். மாணவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை முதலில் நீக்கினேன். இரண்டே வாரத்தில் மதுரை ஆலோசகர் ஒருவர், வினாப்பட்டியலின் தமிழ் வடிவம் கேட்டு எழுதினார். அனுப்பிவைத்தேன்.