பொய்க் கடிகாரம், பொய் நெட்வொர்க்: பியர்-டு-பியர் புரோகிராமுக்கு டெஸ்ட் லைப்ரரி எழுதலாம்

பியர்-டு-பியர் புரோகிராம் (நடுவில் சர்வர் இல்லாமல் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்வது) ஒன்றுக்கு முதல் டெஸ்ட் எழுதும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரே கணினியில் மூன்று நோடுகளை, அதாவது புரோகிராமின் மூன்று பிரதிகளைக் கிளப்பி, ஒன்றிலிருந்து மெசேஜ் அனுப்பி, இரண்டு நொடி ஸ்லீப் போட்டு, மற்ற இரண்டுக்கும் வந்துசேர்ந்ததா என்று பார்ப்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெரும்பாலும் பாஸ் ஆகும், எப்போதாவது ஃபெயில் ஆகும், ஏன் என்று பார்க்க உட்கார்ந்தால் மறுபடி ஃபெயில் ஆகவே ஆகாது. ஸ்லீப்பை ஐந்து நொடியாக்கினேன். டெஸ்ட் மெதுவானதுதான் மிச்சம்.

எந்த மெசேஜ் முந்தும், எது பிந்தும், எந்த டைமர் எப்போது அடிக்கும் என்பதையெல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன்போக்கில் முடிவு செய்கிறது, அந்த முடிவுகள் எங்கேயும் பதிவாவதில்லை. அதனால்தான் போன பக் போனதுதான். அந்த முடிவுகளை நாமே எடுத்தால் நினைத்தபோது திருப்பி ஓட்டலாம். லைப்ரரியின் வேலை அவ்வளவுதான். பைத்தானை வைத்துச் சொல்கிறேன், வேறு மொழியிலும் வடிவம் இதேதான்.

படி 1: நோடின் கையைக் கட்டுவது

நோடின் கோடு நேரடியாக சாக்கெட் (நெட்வொர்க்கில் பேசுவதற்கான வாசல்) திறக்கக் கூடாது, சிஸ்டத்திடம் மணி கேட்கக் கூடாது, தானாக ரேண்டம் எண் எடுக்கக் கூடாது. நோடை உருவாக்கும்போதே கடிகாரம், வலை (நெட்வொர்க்), பகடை (ரேண்டம் எண்) என்று மூன்று பொருட்களை உள்ளே கொடுத்துவிடுங்கள். எது வேண்டுமென்றாலும் அவற்றிடம்தான் கேட்க வேண்டும். நிஜமாக ஓடும்போது நிஜக் கடிகாரம், டெஸ்டில் நம்முடைய பொய்க் கடிகாரம். ஏற்கெனவே எழுதிய கோடில் இதைச் செய்வது சலிப்பான வேலை, ஆனால் ஒரே ஒரு இடத்தில் நேரடி அழைப்பு தப்பி நின்றாலும் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

படி 2: கடிகாரம்

பொய்க் கடிகாரம் என்பது நேரப்படி அடுக்கிய ஒரு நிகழ்வு வரிசை.

வரிசை காலியாகும் வரை:
– மிகக் குறைந்த நேரமுள்ள நிகழ்வை எடு
– கடிகாரத்தை அந்த நேரத்துக்குத் தாவவிடு
– அந்த நிகழ்வுக்கான செயலை அழை

நடுவில் யாரும் காத்திருப்பதில்லை, தாவல் மட்டுமே. ஆறு நோடுகள் ஒரு நிமிடம் பேசிக்கொள்வதை ஒரு நொடிக்குள் ஓட்டி முடித்துவிடலாம். நோடுகள் டைமரைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே இருந்தால் வரிசை காலியாகவே ஆகாது, அதனால் ஒரு முடிவு நேரமும் கொடுங்கள்.

வரிசைக்கு, மிகச் சிறியதை முதலில் எடுத்துத் தரும் பைத்தானின் ஹீப்க்யூ போதும். ஒரு பொறி மட்டும் உண்டு: (நேரம், செயல்) என்று ஜோடியாகப் போட்டால், இரண்டு நிகழ்வுகளுக்கு ஒரே நேரம் வரும்போது பைத்தான் செயல்களையே ஒப்பிடப் போய் டைப்எரர் கொடுக்கும். நடுவே ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணைச் செருகி (நேரம், எண், செயல்) என்று போடுங்கள். சம நேரத்தில் யார் முந்துவது என்பதும் அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 3: வலை

அனுப்பு (யார், யாருக்கு, மெசேஜ்):
– இருவருக்கும் நடுவே பிளவு (நாமே உண்டாக்கும் நெட்வொர்க் துண்டிப்பு) இருந்தால், கீழே போடு
– பகடை 0.05க்குக் கீழே விழுந்தால், வழியில் தொலைந்தது
– தாமதம்: 10 முதல் 200 மில்லிநொடிக்குள் ஏதாவது ஒன்று
– அந்த நேரத்தில் டெலிவரி நடக்கும்படி வரிசையில் சேர்

தாமதம் ஆளுக்கொன்றாக இருப்பதால் மெசேஜ்கள் முன்பின்னாக வருவது தானாகவே நடக்கும். வரிசைக்கோ வந்துசேர்வதற்கோ உத்தரவாதம் தராத யுடிபிக்கு இது சரி. உங்கள் புரோகிராம் அந்த உத்தரவாதங்களைத் தரும் டிசிபி மேல் ஓடுகிறதென்றால், ஒரே கனெக்ஷனில் போகும் மெசேஜ்கள் வரிசை மாறாது, நடுவில் ஒன்று மட்டும் சத்தமில்லாமல் காணாமலும் போகாது. பொய் வலையும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் இல்லாத பக்குகளைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், மெசேஜை பைட்டுகளாக மாற்றித்தான் அனுப்புங்கள். சோம்பல்பட்டு டிக்ஷனரியை அப்படியே கொடுத்தால், வாங்கிய நோடு அதில் கைவைக்கும்போது அனுப்பிய நோடிடம் இருப்பதும் மாறும். நிஜ நெட்வொர்க்கில் நடக்கவே முடியாத டெலிபதி அது.

படி 4: விதை எண்

பகடை முழுவதும் ஒரே விதை எண்ணிலிருந்து பிறக்க வேண்டும். ஒரே விதையைக் கொடுத்தால் பகடை அதே எண்களை அதே வரிசையில் போடும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் அந்த எண்ணை அச்சிடுங்கள், அதைக் கொடுத்து அதே ஓட்டத்தைத் திருப்பி ஓட்டலாம். ஃபவுண்டேஷன்டிபி என்ற தரவுத்தளத்தைச் சோதிப்பதும் இந்த வழியில்தான்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

ஆறு நோடுகள். ஒவ்வொன்றும் நொடிக்கொரு முறை அண்டை நோடுகளுக்கு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சின்ன மெசேஜ்) அனுப்பும். ஒரு நோடிடமிருந்து தொடர்ந்து மூன்று பிங்குக்குப் பதில் வராவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து நீக்கும். 5ஆம் நொடியில் நெட்வொர்க்கைப் பிளந்து 35ஆம் நொடியில் சேர்த்தேன். பதிவில் வந்தது இது:

5.000 பிளவு: அ ஆ இ | ஈ உ ஊ
5.112 அ → ஈ பிங், பிளவில் விழுந்தது
6.112 அ → ஈ பிங், பிளவில் விழுந்தது
7.112 அ → ஈ பிங், பிளவில் விழுந்தது
8.112 அ: ஈ நீக்கம்
35.000 பிளவு நீங்கியது

35க்குப் பிறகு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் அம்புக்குறி ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று மறந்துவிட்டன, வழி திறந்தும் இரண்டு தீவுகளாகவே இருக்கின்றன. கோடைப் படித்தால் ‘செத்த நோடை நீக்கு’ என்பது நியாயமாகத்தான் தெரியும். நீக்கிய முகவரிகளைத் தனியாக வைத்துக்கொண்டு, எப்போதாவது ஒன்றைத் தட்டிப் பார்க்கும்படி மாற்றினால் சரியாகிவிடும்.

சரிபார்ப்புகள் இரண்டு வகை. ‘எந்த நோடும் தன்னையே அண்டையாக வைத்திருக்கக் கூடாது’ போன்றவற்றை ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் பாருங்கள். ‘எல்லோருக்கும் மெசேஜ் போய்ச் சேர வேண்டும்’ என்பதைப் பிளவு நீங்கி, கொஞ்ச நேரம் விட்டுப் பிறகுதான் கேட்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் பிளவின் நடுவிலேயே கேட்டுவிட்டு டெஸ்டைத் திட்டுவார்கள்.

என் ஒரு வாரத்தைத் தின்ற விஷயம்

எல்லாம் சரியாகச் செய்தும், நேற்று ஃபெயில் ஆன விதை எண் இன்று பாஸ் ஆனது. அண்டைப் பட்டியலை செட்டாக (வரிசைக்கு உத்தரவாதம் இல்லாத தொகுப்பாக) வைத்திருந்தேன், நோடு பெயர்கள் ஸ்ட்ரிங். பைத்தான் 3.3 முதல் ஸ்ட்ரிங்கின் ஹாஷ் (செட்டில் அது எங்கே உட்காரும் என்பதை முடிவு செய்யும் எண்) ஒவ்வொரு முறை புரோகிராம் தொடங்கும்போதும் மாறும், ஆகவே செட்டைச் சுற்றிவரும் வரிசையும் மாறும். பகடை அதே எண்ணைத்தான் போட்டது, ஆனால் அந்த எண்ணில் வேறு நோடு உட்கார்ந்திருந்தது. செட்டிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் வரிசைப்படுத்திவிட்டு எடுங்கள். இதைக் காவல் காக்க எளிய வழி: ஒரே விதையைத் தனித்தனி புரோசஸில் இரண்டு முறை ஓட்டி, இரண்டு பதிவுகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு டெஸ்ட் வைப்பது. லைப்ரரியில் நான் முதலில் எழுதியிருக்க வேண்டிய டெஸ்ட் இதுதான்.

நிஜ சாக்கெட்டுக்கும் நான்கைந்து டெஸ்ட் தனியாக வேண்டும். பாதி வந்து அறுந்த கனெக்ஷனையெல்லாம் இந்தப் பொய் வலை காட்டாது. அவற்றில் போர்ட் எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள், 0 என்று கொடுத்தால் காலியாக இருக்கும் ஒன்றை ஆப்பரேட்டிங் சிஸ்டமே தரும்.